மடல் குழுவில் என் மகள்

டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒரே வரி. மேலே ஒரு மின்னஞ்சல் முகவரி, அதன் கீழே 'சேர்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல், குழுவின் பெயர், அப்புறம் என் பெயர். "இதை மட்டும் அனுப்புங்க, வேற ஒண்ணும் எழுத வேண்டாம்" என்று அந்த வரியின் கீழே அழுத்திக் கோடு போட்டுக் கொடுத்தார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் புதிதாக வந்திருந்தார். என் மகளின் நோய்க்கு மருந்து கிடையாது என்று நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த வரியைக் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. இதே நோயுள்ள பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் உலகம் முழுக்க இருக்கிறார்கள், குழுவாக மடல் எழுதிக்கொள்கிறார்கள், ஒருவர் எழுதினால் அது எல்லாருக்கும் போகும், கேட்க வேண்டியதை அவர்களிடமே கேளுங்கள் என்றார்.

மகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போய், தசை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வரும் நோய் அவளுக்கு. முதலில் பள்ளி பஸ் படி ஏற முடியவில்லை. பிறகு குளியலறையில் குந்தினால் எழ முடியவில்லை. அதன்பிறகு சக்கர நாற்காலி வந்துவிட்டது. பெரிய பெயராக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் அந்த நோய்க்கு. அதை எழுதிக் காட்ட எனக்கு இன்றும் விருப்பமில்லை.

மலேசியாவில், ஜெலுபு பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். கணவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார், நான் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை பசாருக்கு, சந்தைக்கு, கோலா கிளாவாங் போகும்போது பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு சைபர் கஃபே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிற இடம். அதன் முதலாளி ஒரு சீன அம்மா. எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்து, மௌஸ் என்கிற அந்த எலியைப் பிடித்து நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

டாக்டர் கொடுத்த வரியை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நின்று, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் 'என்னைச் சேர்த்துக்கொள்' என்றால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம், வானொலிக்குப் பாட்டுக் கேட்டுக் கடிதம், லயத்து வீடுகளில் தண்ணீர் வரவில்லை என்றால் தோட்டத்து ஆபீசுக்கு மனு என்று எழுதி எழுதிப் பழகிய கை என்னுடையது. மனு என்றால் முதலில் மரியாதை, பிறகு நம் நிலைமை, கடைசியில்தான் கோரிக்கை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். மகளைப் பற்றி அவ்வளவு விவரமாக நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. எழுதும்போதே அழுதுவிட்டேன், பக்கத்தில் டுமீல் டுமீல் என்று சுட்டுக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அனுப்பிய கையோடு பதில் வந்தது. என் கடிதத்தை வரி வரியாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். 'மதிப்புக்குரிய ஐயா அம்மா' என்ற வரிக்குக் கீழே, இப்படி ஒரு கட்டளை கிடையாது. 'நாங்கள் மலேசியாவில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம்' என்பதற்குக் கீழே, இப்படி ஒரு கட்டளை கிடையாது. 'என் மகளால் இப்போது நிற்க முடியவில்லை' என்பதற்குக் கீழேயும், இப்படி ஒரு கட்டளை கிடையாது. கடைசியில், பிழைகள் அதிகமாகிவிட்டதால் மீதியைப் படிக்கவில்லை என்று முடித்திருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என்ன கொழுப்பு இருந்தால் இப்படி எழுதுவார்கள் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சீன அம்மா ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"ஐயோ தங்காச்சி, இத்து மெசின் லா. ஓராங் தா ஆடா."

அது மெஷின், ஆள் யாரும் இல்லை என்கிறார். கடிதத்தைப் படித்துச் சேர்ப்பது, விலக்குவது எல்லாம் மெஷின்தான், அதற்கு ஒரு சொல் மட்டும்தான் புரியும் என்று மலாயில் விளக்கினார். மெஷினிடம் போய் மனம்விட்டு அழுதிருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் சொன்ன ஒற்றை வரியை அனுப்பினேன். வரவேற்பு மடல் உடனே வந்தது, அதுவும் மெஷின் எழுதியதுதான்.

அடுத்த வாரம் திறந்து பார்த்தால் மடல் பெட்டி நிரம்பி வழிந்தது. இத்தனை தாய்மாரா என்று மலைத்துப்போனேன். நாள் முழுக்க வருகிற மடல்களை ஒன்றாகக் கட்டி ஒரே மடலாக அனுப்பச் சொல்ல இன்னொரு கட்டளை இருந்தது, அதை அனுப்பினேன். கட்டாக வந்ததை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சமைக்கும்போதும் பஸ்ஸிலும் அகராதியோடு படிப்பேன். பிள்ளையின் நெஞ்சுக்குள் சளி கட்டாமல் முதுகில் எப்படித் தட்ட வேண்டும், படுத்திருக்கும் பிள்ளையை எந்தப் பக்கம் எப்படித் திருப்பிப் போட வேண்டும், சோறு புரை ஏறாமல் தாடையை எங்கே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டவை. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொல்ல யாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் ஓர் அம்மா, அவருக்கு இதே நோயில் ஒரு மகன். நான் எது கேட்டாலும் முதலில் பதில் போடுவது அவராகத்தான் இருக்கும். என் அரைகுறை ஆங்கிலத்தை ஒரு தடவைகூட அவர் திருத்தியதில்லை.

எல்லாரும் மடலின் அடியில் தங்கள் பெயரோடு பிள்ளையின் பெயரையும் வயதையும் போடுவார்கள். ஒரு கனடாக்காரி மகனுக்கு ஒன்பது வயது என்று போட்டுக்கொண்டே இருந்தார். வருஷம் திரும்பிய பிறகும் ஒன்பதுதான். சோம்பேறி, வயதைக்கூட மாற்ற மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பழைய மடல்களைத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பையன் ஒன்பது வயதிலேயே போய்விட்டது தெரிந்தது. அப்புறம் ஒவ்வொருவர் மடலின் அடியையும் பார்க்க ஆரம்பித்தேன். வயது மாறாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். டாக்டர் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் தைப்பூசத்துக்கு வேண்டுதல் வைத்துவிட்டு, கால் தேறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைப் பிடுங்கி எடுத்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஆனால் மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் என்னைத் தின்றது. அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, புத்திசாலி, யாரும் சொல்லாமலே ஊகிக்கக்கூடியவள். கடைசியில் குழுவிடமே கேட்டேன். என் மகளுக்குத் தெரியாது, அவளுக்கு எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று எழுதி அனுப்பினேன். கட்டுக்கட்டாகப் பதில் வந்தது. சொல்லிவிடு என்றார்கள் சிலர், சொல்லாதே என்றார்கள் சிலர். ஆஸ்திரேலியாக்காரி மட்டும், அவளாகக் கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காவிட்டால் நீயாக ஆரம்பிக்காதே என்று எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நான் அவள் கேட்கப்போகும் நாளுக்குப் பயந்துகொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரித்தாள்.

"மா, உன் இங்லீஷ் இருக்கே, அப்படியே மலாய்ல யோசிச்சி எழுதுற மாதிரியே இருக்கு லா."

"எந்த இங்லீஷ்?"

"குரூப்ல எழுதுறியே, அது."

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அவளே சொன்னாள். பி.ஜே. வகுப்பில், அதாவது உடற்பயிற்சி நேரத்தில், எல்லாரும் திடலுக்குப் போய்விடுவார்கள். சக்கர நாற்காலியை என்ன செய்வது என்று தெரியாமல் டீச்சர் அவளைக் கம்ப்யூட்டர் அறையில் விட்டுவிட்டுப் போவார். அவளுடைய நோயின் பெயரை அங்கே தட்டிப் பார்த்திருக்கிறாள். குழு வந்திருக்கிறது. சேர வேண்டிய ஒற்றை வரியை அனுப்பியிருக்கிறாள், மெஷின் அவளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. நோயாளியா, நோயாளியின் தாயா, சின்னப்பிள்ளையா என்றெல்லாம் அதற்குக் கேட்கத் தெரியாது. நான் சேர்ந்த சில மாதங்களிலேயே அவளும் சேர்ந்திருக்கிறாள். நான் எழுதிய ஒவ்வொன்றும் அவளுக்கும் போயிருக்கிறது.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"ம்."

"எல்லாத்தையுமா?"

"அந்த ஆஸ்திரேலியா ஆன்ட்டி சொன்னாங்களே, பிள்ள கேட்டா மட்டும் சொல்லுன்னு. நான் கேக்க மாட்டேன்மா. நீ பயப்படாதே."

நான் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், முகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பாதிப் பின்னலை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை மாதமாக? அங்கேயிருந்து, "மா, ஒரு பக்கம் மட்டும் பின்னி வுட்டுட்டு எங்க போனே, கோமாளி மாதிரி இருக்கு" என்று அவள் கூப்பிட்டாள். போய் மறுபக்கத்தையும் பின்னிவிட்டேன்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லாமல் போனது. சொல்லப்போனால் அந்த ஒன்றரை வருஷம்தான் நாங்கள் இருவரும் அதிகமாகச் சிரித்த காலம். சனிக்கிழமைகளில் அவளையும் லோரியில் ஏற்றிக் கோலா கிளாவாங்குக்குக் கூட்டிப் போவோம், சீன அம்மா ஒரு மேசையை ஒதுக்கி வைத்திருப்பார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டுவாள். "இப்படிலாம் எழுதுனா அவங்க பயந்துருவாங்க மா" என்று பாதியை வெட்டுவாள். பிறகு தன் பெயரில் தானே எழுத ஆரம்பித்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் சிலரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பள்ளி விழாவுக்கு என்ன உடுப்பு போடுவது, நாற்காலிச் சக்கரத்தில் துப்பட்டா மாட்டாமல் என்ன செய்வது என்று அவர்களுக்கு ஆயிரம் பேச்சு. விரல் தளர்ந்த பிறகு தன் பெட்டியின் கடவுச்சொல்லை எனக்குக் கொடுத்தாள், நான் திறந்து வாசித்துக் காட்டுவேன். என் உச்சரிப்பைக் கேட்டு, சிரிக்கவும் மூச்சில்லாமல் சிரிப்பாள்.

ஆண்டுக்கடைசி மழையில் சளி பிடித்தது. தட்டிப் பார்த்தேன், திருப்பிப் போட்டேன், குழுவில் கற்ற எல்லாவற்றையும் செய்தேன். சிரம்பானுக்குக் கொண்டுபோனோம். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு காலையில், நான் முகம் துடைக்கத் துணி நனைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

தோட்டமே வந்தது. யாருக்கும் நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி லயத்துக்குள் திரும்பியதுமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அழுதார்கள், சமைத்தார்கள், என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சொல்லாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டிலிருந்து போய்விட்டு வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? திரும்பி வருகிற வீடா அது? அந்த மௌனம் எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் துக்கம் முடிந்தது, கருமக்கிரியை முடிந்தது. கணவர் அவளுடைய ஐ.சி.யை, அடையாள அட்டையை, ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துச் சைபர் கஃபேக்குப் போனேன். மடல் குழுவில் எனக்கு இனி என்ன வேலை? அந்தக் கட்டு மடல்களைப் படிக்கிற தெம்பு எனக்கு இல்லை. மற்ற தாய்மார் விடைபெற்று உருக்கமாக எழுதிவிட்டுத்தான் போவார்கள், பார்த்திருக்கிறேன். எனக்கு அது வராது. சாவு என் வீட்டில். யாரிடம் சொல்லிக்கொண்டு போவது? விலகுவதற்கான ஒற்றை வரியை மெஷினுக்கு மட்டும் அனுப்பினேன். விலகுவது உங்கள் விருப்பம்தானா, உறுதிசெய்யுங்கள் என்று பதில் வந்தது. உறுதிசெய்தேன். என் பெயர் நீங்கிவிட்டது என்று அடுத்த மடல் சொன்னது.

பிறகு மகளின் பெட்டியைத் திறந்து அவள் பெயரில் அதே வரியை அனுப்பினேன். அதே கேள்வி வந்தது, இந்தத் தடவை அவள் பெயரைப் போட்டு. அவள் பெயரைச் சொல்லி, விலகுவது உங்கள் விருப்பம்தானா என்று கேட்டிருந்தது. ஆம் என்று அவள் சார்பில் நான் தட்ட வேண்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது விளையாட்டாகக்கூட 'போறேன்' என்று சொன்னால், 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று அதட்டித் திருத்தி அனுப்பியவள் நான். அவள் வாயால் அவள் போவதாக நானே சொல்வதா? ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த ஒன்று முடியவில்லை. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மெஷின் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் அவளை அப்படியே வைத்துக்கொண்டது.

பல மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் பெட்டியையும் திறக்கவில்லை. பிறகு ஒரு பண்டிகைக்கு முந்திய வாரம், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, அவள் பெயரை எங்காவது பார்க்க வேண்டும் போல இருந்தது. உயிருள்ள ஆள் பெயராக அது இருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். போய்த் திறந்தேன்.

குழுவின் மடல்கள் குவிந்துகிடந்தன. நடுவில் பல மடல்கள் அவளுக்கே எழுதியவை. முதலில் ஆஸ்திரேலியாக்காரி எழுதியிருந்தார். உன் அம்மா பெயர் குழுவின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீங்கியிருப்பதைப் பார்த்தேன் கண்ணு, தனியாக எழுதியதற்கும் பதில் இல்லை, அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று. அடுத்ததில், உன்னால் தட்ட முடியாது என்று தெரியும், யாரையாவது ஒரு சொல் தட்டச் சொல் என்று. பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். போகப் போக அவர்களுடைய எழுத்தின் தொனி மாறியிருந்தது. இப்போது உன்னைத் திருப்பிப் போடுவது யார், உனக்கு ஊட்டுவது யார் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு முதுகில் தட்டத் தெரியுமா என்று கேட்டு, எப்படித் தட்ட வேண்டும் என்று வரைந்துகூட அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்பது வயது மகனின் தாய், உன் அம்மா உன்மேல் எவ்வளவு உயிராக இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும், தைரியமாக இரு என்று எழுதியிருந்தார்.

நான் செத்துப்போனதாக நினைத்துவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு, பெயர் நீங்கியது நான், பெயரோடு இருப்பது அவள். தாயில்லாத பிள்ளையாகிவிட்டாளே என்று என் மகளுக்காக உலகத்தின் நாலா பக்கத்திலும் பெண்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது அழுகையாக மாறி, பெரிதாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததை மறைப்பானேன்? எங்கேயோ சில பேருக்கு அவள் இருக்கிறாள், நான்தான் இல்லை. எந்தத் தாய்தான் அந்தக் கணக்கை வேண்டாம் என்பாள்? ஆனால் ஆஸ்திரேலியாக்காரி ஒவ்வொரு வாரமும் எழுதியிருந்தார். தன் மகனைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஊட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் என் மகளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் முகவரியிலிருந்து முதலில் வெறும் வணக்கம் மட்டும் எழுதி அனுப்பிப் பார்த்தேன். மெஷின் திருப்பி அனுப்பிவிட்டது. குழுவில் இருப்பவர்கள் மட்டுமே குழுவுக்கு எழுதலாம், நான்தான் விலகிவிட்டேனே. மறுபடி அவள் பெட்டியைத் திறந்தேன். சொல்ல வேண்டிய வரி சின்னதுதான், அகராதிகூடத் தேவையில்லை. ஆனால் அவள் போனதிலிருந்து அந்த நிமிஷம் வரைக்கும் அந்த வாக்கியத்தை நான் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லாமலே தெரியும். வீட்டில் நானும் கணவரும் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். சீன அம்மா ஒரு கிளாஸ் கோப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குழு மடலாக அது எல்லாருக்கும் போய், அவள் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது. எழுதியவர் என்ற இடத்தில் என் மகளின் பெயர் முழுதாக இருந்தது. அதன் கீழே, என் மகள் இறந்துவிட்டாள் என்றிருந்தது.